வெதுவெதுப்பான இடம் எது?

பிரெட் செய்முறை எதை எடுத்துப் பார்த்தாலும் ஒரு வரி தவறாமல் இருக்கும்: பிசைந்த மாவை வெதுவெதுப்பான இடத்தில் ஒன்றரை மணி நேரம் மூடி வைக்கவும். எழுதியவர் லண்டனிலோ டொரண்டோவிலோ இருப்பார். அவர் சமையலறையில் 20, 21 டிகிரிதான் இருக்கும். வெதுவெதுப்பான இடத்தைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். தாம்பரத்தில், மொட்டை மாடிக்கு நேர் கீழே குடியிருக்கிற ஒருவரிடம் மே மாதத்தில் இந்த வரியைப் படித்துக் காட்டினால், “வீடே அதுதானே சார், எங்கே வைக்கச் சொல்றீங்க?” என்று கேட்பார்.

கேள்வி நியாயமானது. தாம்பரத்துக்குப் பக்கத்து வானிலை நிலையம் மீனம்பாக்கத்தில் இருக்கிறது; நடுவில் திரிசூலம், பல்லாவரம், குரோம்பேட்டை, சானட்டோரியம் என்று நான்கே ஸ்டேஷன்கள். அங்கே மே மாதத்துப் பகல் வெப்பம் சராசரியாக 37, 38 டிகிரியைத் தொடும். ஜனவரி இரவிலோ 20, 21 வரை இறங்கும். ஒரே சமையலறை, ஒரே மாவு, ஒரே ஈஸ்ட். ஆனால் மார்கழியில் ஒரு பிரெட், கத்திரியில் வேறொரு பிரெட். புறநகரில் வீட்டில் பிரெட் சுடப் பழகுகிறவர் முதலில் திருத்த வேண்டியது செய்முறையில் உள்ள கடிகாரத்தை. அதைத் திருத்திக்கொண்டால் மிச்சத்தில் பெரும்பகுதி நம் வீடுகளுக்குப் பழகிய வேலைதான். தினம் சாயங்காலம் மாவு கரைத்து, காலையில் அது பொங்கியிருக்கிறதா என்று மூடியைத் திறந்து பார்க்கிற ஊர் இது.

ஈஸ்ட் என்பது ஒற்றைச் செல் பூஞ்சை. ‘ஈஸ்ட் சைவமா?’ என்று குரோம்பேட்டை, சேலையூர்ப் பக்கத்து மாமிகள் கேட்பது உண்டு. காளான் சைவம் என்றால் இதுவும் சைவம்தான். பிரெட்டுக்குப் பயன்படும் இனத்தின் பெயர் சாக்கரோமைசிஸ் செரிவிசியே. சர்க்கரையைத் தின்று கார்பன் டை ஆக்சைடையும் ஆல்கஹாலையும் வெளியிடும். இந்த நொதித்தலை நடத்துவது உயிருள்ள செல்கள்தான் என்று 1850களின் இறுதியில் லூயி பாஸ்டர் நிறுவினார். அதற்கு முன் பல வேதியியலாளர்கள் இதை ஒருவகைச் சிதைவு என்றே நினைத்திருந்தார்கள்.

எவ்வளவு வாயு வரும் என்று கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒரு டீஸ்பூன் சர்க்கரை சுமார் 4 கிராம். அதை ஈஸ்ட் முழுக்கத் தின்று தீர்த்தால் நம் ஊர்ச் சூட்டில் ஒரு லிட்டருக்கும் சற்று அதிகமாகக் கார்பன் டை ஆக்சைடு கிடைக்கும். அரைக் கிலோ மாவில் செய்த பிரெட்டைப் பொங்கவைக்க இது போதும். சர்க்கரையே போடாவிட்டாலும் பாதகமில்லை. மாவில் உள்ள அமைலேஸ் என்னும் நொதி, மாவுச்சத்தை உடைத்துச் சர்க்கரை ஆக்கித் தந்துகொண்டே இருக்கும்.

இந்த வேலை நடக்கும் வேகம் சூட்டைப் பொறுத்தது. 10 டிகிரி ஏறினால் வேகம் ஏறத்தாழ இரண்டு மடங்காகும். 35 டிகிரிக்கு மேல் போனால் ஈஸ்ட் தடுமாறத் தொடங்கும். 55, 60 டிகிரியில் செத்துப்போகும். ஆக, 22 டிகிரியில் ஒன்றரை மணி நேரம் பிடிக்கிற மாவு, 32 டிகிரியில் முக்கால் மணி நேரத்தில் இரட்டிப்பாகிவிடும். செய்முறை சொன்னபடி ஒன்றரை மணி நேரம் விட்டால் மாவு பொங்கி, உச்சம் தொட்டு, உள்ளே கட்டிய வாயுவை இழந்து, சப்பையாக உட்கார்ந்திருக்கும். சுட்டால் சாராய நெடி அடிக்கும். ‘எனக்கு பிரெட் வராது’ என்று ஓவனை அட்டைப்பெட்டிக்குள் திருப்பி அனுப்பியவர்களில் பாதிப் பேரைத் தோற்கடித்தது இந்த ஒன்றரை மணி நேரம்தான் என்பது என் சந்தேகம்.

வேகமாகப் பொங்கினால் நல்லதுதானே என்று தோன்றும். வாயு சீக்கிரம் வரும், ருசி வராது. பிரெட்டின் வாசனைக்கு அடிப்படையான கரிம அமிலங்களும் எஸ்டர்களும் சேர நேரம் வேண்டும். மாவின் நொதிகள் புரதத்தையும் மாவுச்சத்தையும் கொஞ்சம் கொஞ்சமாக உடைத்து வைக்கவும் நேரம் வேண்டும். பிற்பாடு ஓவனில் மேல்பக்கம் சிவப்பதற்கு அவைதான் மூலப்பொருள். அதனால்தான் தொழில்முறை பேக்கர்கள் பிசைந்து முடித்த மாவின் சூடு 24 முதல் 26 டிகிரிக்குள் இருக்கும்படி பார்த்துக்கொள்கிறார்கள். அறையின் சூட்டை அவர்களாலும் சட்டென்று மாற்ற முடியாது, பிசையாத உலர் மாவின் சூட்டையும் முடியாது. கைவசம் இருப்பது தண்ணீர் ஒன்றுதான்.

இதற்கு அவர்கள் வைத்திருக்கும் கணக்கு எளிமையானது. வேண்டிய சூட்டை மூன்றால் பெருக்கி, அதிலிருந்து அறையின் சூட்டையும் மாவின் சூட்டையும் கழிக்க வேண்டும். மாவு 26 டிகிரியில் வேண்டும், அறையும் மாவு டப்பாவும் 34 டிகிரி என்று வைத்துக்கொள்வோம். 78இலிருந்து 68 போனால் 10. பிசைகிற உராய்விலும் கைச்சூட்டிலும் ஏறுகிறதற்காக இன்னும் இரண்டு டிகிரி கழித்துக்கொள்ளலாம். அதாவது ஃப்ரிட்ஜ் தண்ணீர்தான் ஊற்ற வேண்டும். சின்டெக்ஸ் தொட்டியில் நாளெல்லாம் வெயில் காய்ந்து, மத்தியானம் குழாயைத் திறந்தால் குளிக்கக்கூட ஆகாத சூட்டில் வருகிற தண்ணீரை ஊற்றிவிட்டு, ‘ஈஸ்ட்டுக்கு வெதுவெதுப்பான நீர் வேண்டும்’ என்ற குறிப்பையும் பின்பற்றினால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

ஈஸ்ட்டின் அளவையும் குறைக்க வேண்டும். வெளிநாட்டுக் குறிப்புகள் அரைக் கிலோ மாவுக்கு 7 கிராம் இன்ஸ்டன்ட் ஈஸ்ட் கேட்கும். கோடையில் இங்கே 3 கிராம், அதாவது தலைதட்டிய ஒரு டீஸ்பூன், தாராளம். பாக்கெட்டைப் பிரித்ததும் காற்றுப் புகாத டப்பாவில் அடைத்து ஃப்ரிட்ஜில் வைத்துவிடுங்கள். உலர வைத்த ஈஸ்ட் நம் ஊர் ஈரக்காற்றை உறிஞ்சிச் சீக்கிரம் செத்துவிடும்.

இன்னொரு வழி, இராத்திரி பிசைந்து மாவை ஃப்ரிட்ஜில் வைத்துவிடுவது. 4 டிகிரியில் ஈஸ்ட் ஏறக்குறைய தூங்கிவிடும். நொதிகளும் அமிலம் சேர்க்கும் நுண்ணுயிர்களும் மட்டும் மெல்ல வேலை செய்துகொண்டிருக்கும். விடியற்காலையில் எடுத்து உருட்டிச் சுட்டால், முக்கால் மணி நேரத்தில் பொங்கிய மாவில் கிடைக்காத மணம் கிடைக்கும். இட்லி மாவுப் பாத்திரத்துக்குப் பக்கத்தில் இதற்கும் ஓர் இடம் ஒதுக்கினால் போதும்.

இட்லி மாவைப் பற்றிப் பேசாமல் இங்கே மேலே போக முடியாது. இட்லி மாவு எதனால் பொங்குகிறது என்பதை 1965இல் வெளிவந்த ஓர் ஆய்வு தெளிவாக்கியது. அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஸ்டைன்கிராஸும் முகர்ஜி முதலிய அவருடைய சக ஆய்வாளர்களும் செய்தது அது. மாவைப் பொங்கவைப்பதில் தலைமை வகிப்பது ஈஸ்ட் அன்று. லியூகோநாஸ்டாக் மெசன்டிராய்டஸ் என்னும் பாக்டீரியா. உளுந்தோடும் அரிசியோடும் தானாகவே வந்து சேருவது. வாயுவையும் அதுவே தருகிறது, புளிப்பையும் அதுவே தருகிறது. யாரும் பாக்கெட் வாங்கிப் போட வேண்டியதில்லை.

வாயு வந்தால் மட்டும் போதாது, அதைப் பிடித்து வைக்க ஏதாவது வேண்டும். உளுந்தில் உள்ள ஒரு புரதமும் அரபினோகாலக்டன் என்னும் வழவழப்பான சர்க்கரைச் சங்கிலியும் சேர்ந்து குமிழ்களைக் காப்பாற்றுகின்றன என்பதை மைசூரு மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிறுவனத்தின் விஞ்ஞானிகள் 1970களில் காட்டினார்கள். உளுந்து குறைந்தால் இட்லி கல்லாகிறது என்று நம் பாட்டிமார் சொன்னதன் வேதியியல் இதுதான். கோதுமையில் அந்த வேலையைச் செய்வது குளூட்டன்.

குளூட்டனைக் கண்ணால் பார்க்க ஆய்வகம் வேண்டாம். ஒரு கைப்பிடி மைதாவைக் கெட்டியாகப் பிசைந்து, அரை மணி நேரம் ஊறவிட்டு, ஒரு கிண்ணம் தண்ணீரில் போட்டுப் பிசைந்து கழுவுங்கள். தண்ணீர் வெள்ளையாகும், அது மாவுச்சத்து. தண்ணீரை மாற்றி மாற்றிக் கழுவினால் கடைசியில் கையில் பழுப்பாக, இழுத்தால் நீள்கிற ஓர் உருண்டை மிஞ்சும். அதுதான் குளூட்டன். இத்தாலியின் போலோனா நகரத்து மருத்துவர் பெக்காரி 1728இல் இதே சோதனையைச் செய்துதான் அதைப் பிரித்துக் காட்டினார். புரதம் என்றால் இறைச்சி, முட்டை என்று நினைத்திருந்த காலத்தில், தாவரத்திலும் அதே தன்மையுள்ள பொருள் இருக்கிறது என்பது அன்றைக்குப் பெரிய செய்தி.

குளூட்டெனின், கிளையாடின் என்று இரண்டு புரதங்கள் தண்ணீர் பட்டதும் சேர்ந்து பின்னுகிற வலை இது. முன்னது இழுத்த மாவைத் திரும்பச் சுருங்கவைக்கும்; பின்னது இழுத்த பக்கம் நீளவிடும். இரண்டும் எப்படி வேலை செய்கின்றன என்று பார்க்க, ஜிஎஸ்டி ரோட்டு ஓரத்தில் சாயங்காலம் ஏதாவது ஒரு பரோட்டாக் கடைக்கு முன் ஐந்து நிமிஷம் நின்றால் போதும். மாஸ்டர் பிசைந்ததும் மாவை வீசுவதில்லை. உருண்டை பிடித்து, எண்ணெய் தடவி, ஈரத்துணி போட்டு ஊறவிடுகிறார். பிசைந்த கையோடு வீசினால் மாவு முரண்டு பிடிக்கும், கிழியும். ஊறுகிற நேரத்தில் இறுகிய வலை தளர்கிறது. பிறகு மேடை மேல் அடித்து வீசும்போது அந்தப் பக்கம் இருப்பது தெரிகிற அளவுக்கு மெல்லிய ஏடாக விரிகிறது. பிரெட் மாவு பிசைந்து முடிந்ததா என்று பார்க்கவும் இதே சோதனைதான்: ஒரு சிட்டிகை மாவை விரல்களுக்கு நடுவே இழுத்து வெளிச்சத்தில் பிடித்தால் கிழியாமல் ஒளி ஊடுருவ வேண்டும். மேலைநாட்டுப் புத்தகங்கள் இதைப் பெரிய நுட்பமாக விவரிக்கும். நம் ஊரில் இது தெருவோரத்தில் தினமும் நடக்கிறது.

பிசையக் கை வலிக்கிறது என்பவர்களுக்கும் வழி உண்டு. நியூயார்க் பேக்கர் ஜிம் லேஹியின் பிசையாத பிரெட் 2006இல் அந்நகரத்துச் செய்தித்தாளில் வெளிவந்து உலகம் சுற்றியது. மாவில் தண்ணீரைக் கூடுதலாக ஊற்றி, ஈஸ்ட்டைக் கால் டீஸ்பூனாகக் குறைத்து, கிளறி மூடி வைத்துவிட வேண்டும். நேரம் போகப் போகப் புரதங்கள் தாமே பின்னிக்கொள்ளும். அவர் சொன்ன 12 முதல் 18 மணி நேரம் என்பது 21 டிகிரி அறைக்கு. சித்திரை மாதத்தில் அதில் பாதி நேரமே அதிகம்.

ஆனால் பிசைவதைத் தவிர்க்கச் சொல்ல எனக்கு மனம் வராது. வீட்டில் பிரெட் சுடுவதன் இன்பத்தில் பெரும் பங்கு அந்தப் பத்து நிமிஷத்தில்தான் இருக்கிறது. முதலில் பிசுபிசுவென்று விரலெல்லாம் அப்பிக்கொள்கிற மாவு, நாலைந்து நிமிஷத்தில் பாத்திரத்தை விட்டு விலகி, எட்டாவது நிமிஷத்தில் காது மடலைப் போல மிருதுவாகிக் கையைத் திருப்பித் தள்ளும். கண்ணுக்குத் தெரியாத மூலக்கூறுகள் பின்னிக்கொள்வதை உள்ளங்கையால் உணர முடிகிற சமையல் வேலை வேறு அதிகம் இல்லை.

எந்த மாவு? மைதாவில் தவிடு இல்லை. குளூட்டன் வலை தடையில்லாமல் படரும். வீட்டுக் கோதுமை மாவில் தவிட்டுத் துகள்கள் அந்த வலையை அங்கங்கே அறுத்துவிடும். தவிர, சக்கியில் நெருக்கி அரைக்கும்போது மாவுச்சத்து மணிகள் நிறைய உடைகின்றன. உடைந்த மணி அதிகத் தண்ணீர் குடிக்கும். சப்பாத்தி மிருதுவாக வருவதற்கு அது உதவும். பிரெட்டுக்கோ, மைதாவுக்கு ஊற்றுகிற தண்ணீரை ஊற்றினால் வறண்டுபோகும். அரைக் கிலோ மைதாவுக்கு 310 முதல் 325 மில்லி போதும் என்றால், முழுக் கோதுமை மாவுக்கு 375 மில்லிக்கு மேல் கூடப் போகும். புதிதாகப் பழகுகிறவர் பாதிக்குப் பாதி கலந்து தொடங்குவது நல்லது. கலந்து அரை மணி நேரம் ஊறவிட்டுப் பிசைந்தால் தவிடு நனைந்து கூர்மை மழுங்கும்.

தண்ணீர் விஷயத்தில் தென் சென்னைப் புறநகருக்கென்று தனிக் கதை இருக்கிறது. இங்கே பல வீடுகளில் இரண்டு தண்ணீர்: குழாயில் வருகிற போர் தண்ணீர், குடிக்கக் கேன் தண்ணீர். போர் தண்ணீரில் கால்சியமும் மக்னீசியமும் மிகுதி. ஹீட்டர் காயிலில் வெள்ளையாகப் படிகிறதே, அதுதான். இந்த உப்புகள் அளவாக இருந்தால் குளூட்டனை உறுதியாக்கும். அளவு மீறினால் மாவு விறைத்துப்போய், பொங்கவும் தாமதமாகும். சுத்திகரித்த கேன் தண்ணீரிலோ தாது உப்புகள் மிகக் குறைவு. அதில் பிசைந்த மாவு தளர்ந்து பிசுபிசுக்கும். நல்ல பிரெட்டுக்கு இரண்டுக்கும் நடுத்தரமான தண்ணீர் வேண்டும். பக்கத்து வீட்டு அளவு நம் வீட்டில் சரிப்படாமல் போவதற்கு இது ஒரு காரணம். பல்லாவரம், பம்மல் பக்கம் தோல் பதனிடும் கழிவால் நிலத்தடி நீர் கெட்ட இடங்கள் இருக்கின்றன. அங்கே ஆராய்ச்சியே வேண்டாம், கேன் தண்ணீரையே ஊற்றுங்கள். பிசுபிசுப்பைச் சமாளிக்க உப்பு இருக்கிறது. மாவின் எடையில் 2 சதவீதம், அதாவது அரைக் கிலோவுக்கு 10 கிராம் உப்பு, குளூட்டனை இறுக்கும். ஈஸ்ட்டின் வேகத்தையும் மட்டுப்படுத்தும். கோடையில் உப்பை மறந்தால் மாவு கட்டுக்கடங்காமல் ஓடும்.

பிரெட் இந்தப் பக்கத்துக்குப் புதிதில்லை. பரங்கிமலையிலும் பல்லாவரத்திலும் கம்பெனிக் காலத்துக் கண்டோன்மென்ட்கள் இருந்தன. வெள்ளைக்காரச் சிப்பாயின் தினப்படியில் ஒரு பவுண்டு ரொட்டி உண்டு. பாக்கெட் ஈஸ்ட் இல்லாத அந்தக் காலத்தில் நம் நாட்டு ரொட்டிக்காரர்கள் மாவைப் பொங்கவைத்தது கள்ளால். பனங்கள்ளிலும் தென்னங்கள்ளிலும் சாக்கரோமைசிஸ் ஈஸ்ட் இயற்கையாகவே மிதக்கிறது. கோவாவிலும் இலங்கையிலும் ரொட்டிக்கும் ஆப்பத்துக்கும் கள் ஊற்றுகிற வழக்கம் வெகுகாலம் இருந்தது. தமிழ்நாட்டில் 1987 முதல் கள்ளுக்குத் தடை. ஆகவே அந்தச் சோதனையை இப்போது தாம்பரத்தில் செய்து பார்க்க முடியாது.

பிற்பாடு வந்தது ஆலை பிரெட். மத்திய அரசு 1965இல் தொடங்கிய மாடர்ன் பேக்கரீஸ், கொழும்புத் திட்டத்தின்கீழ் ஆஸ்திரேலியாவும் கனடாவும் தந்த உதவியோடு பெருநகரங்களில் தானியங்கி பேக்கரிகளை அமைத்தது. சென்னையில் அது தரமணியில் இயங்கியது. கோதுமைப் புரதத்தில் லைசின் என்னும் அமினோ அமிலம் குறைவு என்பதால் அதையும் வைட்டமின்களையும் கலந்து, பிரெட்டையே சத்துணவாக்கிப் பார்த்த காலம் அது. 2000இல் அந்நிறுவனம் இந்துஸ்தான் லீவருக்கு விற்கப்பட்டது. இவ்வளவுக்குப் பிறகும் நம் வீடுகளில் பிரெட்டுக்குக் கிடைத்த பதவி காய்ச்சல்காரர் உணவு என்பதுதான். ‘பால்ல பிரெட்டை நனைச்சுச் சாப்பிடு’ என்று கேட்டு வளர்ந்தவர்களுக்கு, அதைப் பார்த்ததும் மாத்திரை வாசனையும் சேர்ந்து ஞாபகம் வரும். அந்தப் பழியிலிருந்து பிரெட்டை மீட்க ஒரே வழி, ஓவனிலிருந்து இறங்கிய ஒன்றைச் சாப்பிட வைப்பது.

ஓவனுக்குள் நடப்பது சில நிமிஷ நாடகம். சூடு ஏற ஏற ஈஸ்ட் கடைசியாக ஒருமுறை வெறிபிடித்தது போல வேலை செய்யும். மாவின் நீரில் கரைந்திருந்த கார்பன் டை ஆக்சைடு வெளியே வரும். 78 டிகிரியில் கொதிக்கும் ஆல்கஹாலும் ஆவியாகிக் குமிழ்களை ஊதும். இந்தச் சமயத்தில் பிரெட் கண்ணெதிரே உயர்வதைக் கதவின் கண்ணாடி வழியாகப் பார்க்கலாம். ஈஸ்ட் செத்ததும் உயர்வது தளரும். 60 டிகிரிக்கு மேல் மாவுச்சத்து தண்ணீரை உறிஞ்சிக் கூழாகும், 70, 80 டிகிரியில் குளூட்டன் கெட்டிப்படும், உருவம் நிலைக்கும். நடுப்பாகம் 95 டிகிரியைத் தாண்டினால் வெந்தது என்று பொருள். அடியில் தட்டினால் ‘டொக்’ என்று வெற்றொலி வரும்.

மேல்பக்கம் மட்டும் காய்ந்து 140 டிகிரிக்கு மேல் போகும். அங்கே அமினோ அமிலங்களும் சர்க்கரையும் வினைபுரிந்து நிறமும் மணமும் தருகின்றன. 1912இல் பிரெஞ்சு வேதியியலாளர் மையார் விவரித்த வினை இது. தோசை முறுகுவதும் காப்பிக்கொட்டை வறுபடுவதும் இதே கணக்கில்தான். பிரெட்டின் மேலோட்டு மணத்துக்கு முக்கியமான மூலக்கூறு ஒன்றின் பெயர் 2-அசிட்டைல்-1-பிரோலின். பாஸ்மதி அரிசிக்கும் ரம்பை இலைக்கும் தனி வாசனை கொடுப்பதும் இதே மூலக்கூறுதான். பிரெட் வேகும்போது எதிர்வீட்டுக்காரர் ‘பிரியாணியா?’ என்று கேட்டால் அவர் மூக்கைக் குறை சொல்ல முடியாது.

ஓவன் இல்லாதவர்களும் ஒதுங்க வேண்டியதில்லை. பழைய குக்கரில் ஒரு விரல் உயரத்துக்கு உப்போ மணலோ பரப்பி, கேஸ்கட்டையும் வெயிட்டையும் கழற்றிவிட்டு, உள்ளே ஒரு வளையம் வைத்து, பத்து நிமிஷம் சூடேற்றி, மாவு வைத்த டின்னை அதன் மேல் இறக்க வேண்டும். இரண்டையும் கழற்றுவது கட்டாயம். இங்கே வேண்டியது நீராவி அழுத்தம் இல்லை, சூடான காற்று மட்டுமே. உள்ளே ஈரம் தங்குவதால் மேல்பக்கம் வெளுத்தே இருக்கும்; இறக்கியதும் கவிழ்த்து தோசைக்கல்லில் கொஞ்சம் காட்டினால் சிவந்துவிடும். மின்சார ஓவன் என்றால், 1,500 வாட் ஓடிஜிக்குச் சூடேற்றுவதையும் சேர்த்து ஒரு முறைக்கு ஏறத்தாழ ஒரு யூனிட் ஆகும்.

மொறுமொறு மேலோட்டின் மீது எனக்குப் பெரிய நம்பிக்கை கிடையாது. ஈரப்பதம் 70, 80 சதவீதம் உள்ள காற்றில் அது சில மணி நேரத்தில் பதமாகிவிடும். புதுச்சேரியில் காலையில் வாங்கிய நீள பிரெட்டும் அன்றைக்கே தின்று தீர்க்க வேண்டியதுதான். பாலும் கொஞ்சம் வெண்ணெயும் சேர்த்த மிருதுவான பிரெட்டும், பன்னும் நம் காற்றோடு சண்டை போடுவதில்லை. 2020 ஊரடங்கில் வீட்டுக்கு வீடு தொடங்கிய புளித்தமாவு பிரெட்டுக்கும் இங்கே ஒரு சிக்கல் இருக்கிறது. சான் ஃபிரான்சிஸ்கோவின் புகழ்பெற்ற புளித்தமாவில் இருக்கும் பாக்டீரியா 32 டிகிரி வாக்கில் செழிக்கும். அதனோடு வாழும் காட்டு ஈஸ்ட் 27, 28 டிகிரியை விரும்பும், 36ஐ நெருங்கினால் வளர்ச்சியே நின்றுபோகும். நம் கோடையில் பாக்டீரியா முந்திவிடுகிறது. புளிப்பு ஏறும், வாயு குறையும், அமிலத்தில் குளூட்டன் நைந்துபோகும். அதை விரும்புகிறவர்கள் டிசம்பரில் தொடங்கலாம்.

வீட்டில் சுடுவதற்கு அறிவியல் சொல்கிற ஒரு காரணமும் உண்டு. 2016 மே மாதம் டெல்லியின் அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையம், அங்கே விற்ற 38 வகை பிரெட், பன், பீட்சா, பர்கர் வகைகளைச் சோதித்தது. 84 சதவீதத்தில் பொட்டாசியம் புரோமேட் அல்லது அயோடேட் இருந்தது. மாவை வலுப்படுத்தச் சேர்ப்பது அது. புரோமேட், மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கக்கூடும் என்று உலக அளவில் வகைப்படுத்தப்பட்ட பொருள். அடுத்த மாதமே உணவுப் பாதுகாப்பு ஆணையம் அதை அனுமதிப் பட்டியலிலிருந்து நீக்கியது. புரோமேட் செய்கிற வேலையை வீட்டில் பத்து நிமிஷப் பிசைதலும் ஓர் இரவு ஃப்ரிட்ஜும் செய்துவிடும். அதற்காக வீட்டு பிரெட் மருந்து என்று யாரும் சொல்ல வேண்டாம். மைதா மைதாதான்.

சுட்டதை எங்கே வைப்பது? ஃப்ரிட்ஜில் வைத்தால் பூஞ்சை தள்ளிப்போகும். ஆனால் பிரெட் விறைத்துவிடும். விறைப்பதற்குக் காய்ந்துபோவது காரணமில்லை என்று 1852இலேயே பிரெஞ்சு வேதியியலாளர் பூசிங்கோ காட்டினார். ஈரம் குறையாமல் மூடி வைத்தாலும் பிரெட் கெட்டியாகும். திரும்பச் சூடுகாட்டினால் இளகும். வெந்தபோது தளர்ந்த மாவுச்சத்துச் சங்கிலிகள், முக்கியமாக அமைலோபெக்டின், மறுபடி வரிசைகட்டி இறுகுவதுதான் காரணம். உறைநிலைக்குச் சற்று மேலே, அதாவது ஃப்ரிட்ஜின் சூட்டில்தான், அது மிக வேகமாக நடக்கும். ஃப்ரீசரில் கிட்டத்தட்ட நின்றுவிடும். ஆகவே ஆறவைத்து, துண்டு போட்டு, ஃப்ரீசரில் வைத்து, வேண்டும்போது எடுத்து நேரே தோசைக்கல்லில் போடுவதே சரி.

கோடையில் பூஞ்சையைவிட மோசமான ஒன்று வரும். பேசில்லஸ் சப்டிலிஸ் என்னும் பாக்டீரியாவின் வித்துகள் மாவிலேயே இருக்கும். பிரெட்டின் நடுப்பாகம் 100 டிகிரியைத் தாண்டாததால் அவை ஓவனிலும் சாவதில்லை. வெப்பமும் ஈரமும் உள்ள சமையலறையில் ஒன்றிரண்டு நாளில் முளைத்துப் பெருகும். வெளியே ஒன்றும் தெரியாது; பிய்த்தால் உள்ளே பிசினாக நூல் இழுக்கும், கனிந்த அன்னாசிப்பழம் போல வாசனை வரும். அந்த வாசனை வந்தால் யோசிக்காமல் குப்பையில் போடுங்கள், பாத்திரங்களைக் கொதிநீரில் கழுவுங்கள். இந்தப் பாக்டீரியாவுக்கு அமிலம் ஆகாது. ஆலைகள் இதற்காகவே கால்சியம் புரோப்பியனேட் கலக்கின்றன. வீட்டில் அரைக் கிலோ மாவுக்கு ஒரு டேபிள்ஸ்பூன் வினிகரைத் தண்ணீரோடு சேர்த்துப் பிசைந்தால் போதும், ருசியில் தெரியாது. ஃப்ரிட்ஜ் தண்ணீர், ஒரு டீஸ்பூன் ஈஸ்ட், ஒரு டேபிள்ஸ்பூன் வினிகர்: மார்ச் முதல் செப்டம்பர் வரை தாம்பரத்தில் பிரெட் சுடுகிறவர் செய்முறையில் இந்த மூன்றையும் திருத்தி எழுதிவிட்டுப் பிறகு மாவில் கை வைக்கட்டும்.